அரை நாள் இரட்டைப் பிள்ளைகள்

எலுமிச்சம்பழத் தோலை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்க்கும்போது கிளம்பும் அந்தச் சுருக்கென்ற வாசனை இன்றைக்கும் மூக்கில் ஏறினால் எனக்குச் சமையல் நினைவுக்கு வருவதில்லை. எங்கள் அவுட்ஹவுஸ் வாசலில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, தன் தங்கை மகள் கோமதியின் இரண்டு கைகளையும் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, தோல் வழன்றுவிடுமோ என்று தோன்றும்படி என் அம்மா தேய்த்துக்கொண்டிருந்த ஒரு காலை நேரம்தான் வருகிறது. கோமதிக்கு அப்போது ஆறு வயது. ஜீவனஹள்ளியில் இருந்த சித்தி வீட்டில் நாள் முழுக்க ஊதுவத்தி உருட்டுவார்கள். கரித்தூளும் பிசினும் கலந்த மாவை மூங்கில் குச்சியில் உருட்டிப் பலகையில் காயப்போடும் அந்த வேலையில் கோமதியும் கை கொடுப்பாள் என்பதால், அவள் உள்ளங்கைக் கோடுகளில் எப்போதும் கறுப்பு ஓடியிருக்கும். "கையப் பாத்தாலே வீட்டக் கண்டுபுடிச்சிடுவாங்க" என்று முணுமுணுத்தபடியே அம்மா தேய்த்தாள். எரிகிறது என்று கோமதி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணி முடித்துவிட்டு, நூறிலிருந்து ஒன்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை சுத்தமாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பகல் பதினொரு மணிக்குள் நான் ஒரு காரியம் செய்தேன். அதனால் கோமதிக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு பள்ளிக்கூடம் கிடைக்காமல் போயிற்று. எங்கள் வீட்டில் அத்தனை பேரும் அதைக் குழந்தைத்தனம் என்று நினைத்தார்கள், சிலர் நல்ல குணம் என்றுகூட நினைத்தார்கள். அது இரண்டும் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அதை அவளிடம் சொல்ல எனக்கு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. எவ்வளவு வெட்கங்கெட்டவள் நான் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காக்ஸ் டவுனில் ஒரு டாக்டரம்மா வீட்டில் என் அப்பா கார் ஓட்டினார். காம்பவுண்டுக்குள்ளேயே பின்பக்கம் ஓர் அறையும் சமையல் தடுப்புமாக அவுட்ஹவுஸ் கொடுத்திருந்தார்கள். நாங்கள் பணக்காரர்கள் இல்லை, சித்தி குடும்பத்தைவிடப் பெரிதாக வசதி என்றும் சொல்ல முடியாது. அம்மாவும் சித்தியும் கோலார் தங்கவயலில் ஒரே லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள், தாத்தா சுரங்கத்துக்குள் இறங்கினவர். வேலை தேடி பெங்களூருக்கு வந்தபோது ஒருத்தி புருஷனுக்குக் கார் சாவியும் இன்னொருத்தி புருஷனுக்குத் தொழிற்சாலைக் கேன்டீனில் கரண்டியும் கிடைத்தன, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் காகிதத்தில் எங்கள் விலாசம் காக்ஸ் டவுன், அவர்கள் விலாசம் ஜீவனஹள்ளி. நடந்தால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்கு எவ்வளவு நீளம் இருக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுதான் பெரியவர்களுக்கே தெரிந்தது.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் சிஸ்டர்கள் நடத்திய ஒரு கான்வென்ட் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்து நீல "பினாஃபோர்" போட்ட பெண்கள் தெருவில் போனால் அம்மா வாசலுக்கு வந்து நின்று பார்ப்பாள். அங்கே சேர்க்க இரண்டு விஷயம் கேட்டார்கள்: பக்கத்து ஏரியாவில் குடியிருக்க வேண்டும், வீட்டைப் பற்றிப் பெரிய மனிதர் யாராவது ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். எங்களுக்கு விலாசமும் இருந்தது, டாக்டரம்மாவும் இருந்தார். "இன்னார் என் காம்பவுண்டில் குடும்பத்தோடு குடியிருக்கிறார்" என்று அவர் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தக் குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள் என்று அதில் எழுதவில்லை. அந்தச் சந்தில்தான் எங்கள் அம்மாவின் மூளை நுழைந்தது.

கோமதி என்னைவிட நான்கு மாதம் இளையவள். நான் அம்மாவிடம் கிள்ளு வாங்கிக்கொண்டு அகரத்தை எழுதியபோது, அவள் ஊதுவத்திப் பலகையில் மாவைத் தொட்டு என் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து எழுதிக் காட்டினாள். கட்டுக்கு எத்தனை குச்சி, பத்துக் கட்டுக்கு எத்தனை என்று சித்தி வாய் திறப்பதற்குள் சொல்லிவிடுவாள். இப்படிப்பட்ட பிள்ளையை வீட்டுப் பக்கத்துக் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் போடுவது பாவம் என்று அம்மாவுக்குப் பட்டது. அக்கா தங்கை என்றால் அந்தக் கான்வென்டில் சேர்த்தே எடுத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஆனால் நான்கு மாத இடைவெளியில் ஒரே தாய்க்கு இரண்டு பிள்ளை எப்படிப் பிறக்கும்? இரண்டு பேருக்குமே பிறப்புச் சான்றிதழ் கிடையாது, அந்தக் காலத்தில் எங்கள் மாதிரி வீடுகளில் யாருக்கும் இருந்ததில்லை. அதனால் கோர்ட் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து டைப் அடிக்கிறவரிடம் போய், எங்கள் இருவரையும் ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளாக்கி ஒரு "அஃபிடவிட்" வாங்கி வந்துவிட்டார்கள். எங்களை யாராவது ஒருவர் ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தால் போதும், குட்டு உடைந்துவிடும்: நான் வெளுப்பு, ஒல்லி, அவள் மாநிறம், குண்டுக் கன்னம். பெரியவர்களுக்குச் சில நேரம் ஆசை வந்துவிட்டால் கண் தெரியாது.

அந்தக் காகிதத்தில் கோமதிக்கு அப்பா என்று என் அப்பா பெயர் இருந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சித்தப்பா காகிதத்தை மடித்து அப்பாவிடமே கொடுத்தார். பிறகு, "எம் பேரு இல்லன்னா என்னா இப்போ? அவ நாலு எழுத்து படிச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார். ஆறு வயதில் எனக்கு இது ஒரு விளையாட்டுப் பேச்சு.

இரட்டைப் பிள்ளைகள் என்றால் ஒரே மாதிரி உடுப்பு வேண்டுமே. சிவாஜி நகரில் ஒரு துண்டுத் துணி வாங்கினார்கள், வெளிர் மஞ்சளில் சின்னச் சின்னச் செர்ரிப் பழம் போட்டது. தைக்கும்போது துணி பற்றவில்லை. ஒரு கவுனுக்குப் "பஃப்" கை வந்தது, இன்னொன்றுக்கு வெறும் கை. பஃப் வைத்தது யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை, அம்மா அதைக் கோமதிக்குப் போட்டுவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அவதானே பதில் சொல்லப் போறா, அவ முன்னாடி நிக்கட்டும். நீ வாயத் தொறக்காம சும்மா நில்லு, போதும்" என்றாள். என்னைப் பெற்றவள், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், கோமதியின் இடுப்பு நாடாவை முடிந்தபடி சொன்னாள். அந்தச் "சும்மா நில்லு"தான் உள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

பெரிய சிஸ்டரின் அறையில் மேஜைமேல் கண்ணாடி போட்டிருந்தது. அப்பா, அம்மா, நாங்கள் இருவர். சித்தியும் சித்தப்பாவும் கேட்டுக்கு வெளியே, யாரோ எவரோ மாதிரி, மர நிழலில் நின்றார்கள். சிஸ்டர் இங்கிலீஷில் கேட்க, ஆபீஸில் வேலை பார்த்த ஒரு அம்மாள் தமிழில் சொல்ல, கோமதி மடமடவென்று பதில் சொன்னாள். எண்ணினாள், தலைகீழாக எண்ணினாள், கிழமைகளைச் சொன்னாள், அம்மா எங்கேயோ கேட்டுச் சொல்லிக்கொடுத்திருந்த இங்கிலீஷ் பாட்டை ஒரு பிசகு இல்லாமல் ஒப்பித்தாள். சிஸ்டர் சிரித்தே விட்டார். மேஜைக்கு மேலே குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. சொல்லிவைத்தபடி சும்மா நின்றேன்.

கடைசியில், எழுந்து போகும் நேரத்தில், மரியாதைக்காக என் பக்கம் திரும்பிச் சிஸ்டர் ஒன்று கேட்டார். ஆபீஸ் அம்மாள் அதைத் தமிழில் சொன்னார்: "உன் தங்கச்சி நல்லா பேசறாளே, வீட்டுலயும் இப்படித்தானா?" எனக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரியும். "ஆமாம்" என்று தலையாட்டினால் தீர்ந்தது. ஒரு வாரமாகப் பழக்கியிருந்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன், அவள் அப்போதும் கோமதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிதானமாக, தெளிவாகச் சொன்னேன்: "இவ என் தங்கச்சி இல்ல. எங்க சித்தி பொண்ணு. இவ வீடு ஜீவனஹள்ளில இருக்கு. அவங்க அம்மா வெளிய நிக்கறாங்க."

பிறகு நடந்தது அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆபீஸ் அம்மாள் மொழிபெயர்க்கத் தயங்கினார், ஆனால் சிஸ்டருக்கு அந்த அளவு தமிழ் புரிந்திருந்தது. அஃபிடவிட்டை மடித்து மேஜையின் இந்தப் பக்கம் தள்ளினார். அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பொய்க் காகிதத்தோடு வந்த பிள்ளைக்கு இடம் இல்லை என்றும், டாக்டரம்மாவின் கடிதத்தை மதித்து ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வதாகவும், அதுவும் அந்தப் பிள்ளை உண்மை பேசினபடியால் என்றும் சிஸ்டர் சொன்னார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள் வெளியே போனாள். ஒரே ஒரு கேள்விக்கு வாயைத் திறந்த நான் உள்ளே போனேன். வெளியே வந்ததும் கோமதி சித்தியிடம் ஓடி, "நான் எல்லாம் சொன்னேன்மா, ஒண்ணுகூட தப்பு இல்ல" என்றாள். அவளுக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை.

யாராவது என்னை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் அன்றைக்கே கணக்கு தீர்ந்திருக்கும். அம்மா மட்டும் வழி முழுக்க அழுதாள். சித்தி அவளைத் தேற்றினாள்: குழந்தைக்குப் பொய் சொல்ல வரவில்லை, அதற்கு என்ன செய்ய முடியும், நம்மேல்தான் தப்பு. சித்தப்பா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீ சத்தியம்மாடி" என்றார். அதற்கப்புறம் சாகும்வரை அவர் என்னை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். சத்தியம்மா வந்துட்டா, சத்தியம்மாவுக்கு டீ போடு. ஒவ்வொரு முறையும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். உண்மையைச் சொன்னதுதான், ஆனால் நான் சொன்ன உண்மையில் அந்தப் பஃப் கையைத் தவிர வேறு எந்தச் சத்தியமும் இல்லை என்று அந்த நல்ல மனிதரிடம் எப்படிச் சொல்வது?

பிறகு பத்து வருஷம் நாங்கள் இருவரும் இரண்டு திசையில் நடந்தோம். என் பள்ளிக்கூடத்தில் பாடத்துக்கு ஒரு டீச்சர், பெஞ்சுக்கு இரண்டு பேர், வெள்ளிக்கிழமை லைப்ரரி, வெள்ளை கான்வாஸ் ஷூ. நான் மக்காகத்தான் இருந்தேன். ஆனால் அந்த இடத்தில் மக்கைக்கூடக் கீழே விழ விட மாட்டார்கள். ஒரு டீச்சர் விட்டால் இன்னொரு டீச்சர் பிடித்துக்கொள்வார், சாயங்காலம் நிறுத்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பார், அம்மாவைக் கூப்பிட்டு அனுப்புவார். கோமதி போனது தமிழ் மீடியம் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம். ஒரே ஹாலில் முதுகோடு முதுகாக இரண்டு வகுப்புகள், இந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் அந்தப் பக்கம் செய்யுள் கேட்கும். அங்கேயும் நல்ல வாத்தியார்கள் இருந்தார்கள். தமிழ் சார் ஒருவரைப் பற்றி அவள் பேசினால் நிறுத்த மாட்டாள். எட்டாவது வரைக்கும் என் கணக்கு வீட்டுப்பாடத்தை அவள்தான் போட்டுக் கொடுப்பாள், இங்கிலீஷில் இருக்கும் கேள்வியை நான் தமிழில் சொன்னால் போதும். டாக்டரம்மா வீட்டுச் சப்போட்டா மரத்தடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, பென்சிலைக் கடித்தபடி, ஹோ என்று சிரித்துக்கொண்டே போடுவாள். "இவ்ளோ சுலபமா கேக்கறாங்களா உங்க ஸ்கூல்ல?" என்பாள்.

எட்டாவதுக்குப் பிறகு அவள் அப்படிக் கேட்பது நின்றுபோயிற்று. அந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போனார். புதிதாக ஒருத்தர் வருவார் வருவார் என்று இரண்டு வருஷம் ஓடியது. கணக்கு நேரத்தில் பிள்ளைகளைச் சும்மா உட்கார வைத்தார்கள், இல்லையென்றால் மைதானத்தைப் பெருக்கச் சொன்னார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கோமதி மற்றப் பாடமெல்லாம் தேறிக் கணக்கில் மட்டும் தவறினாள். மறுபடி எழுதவில்லை. அடுத்த வருஷமே "கார்மென்ட்ஸ்" வேலைக்குப் போய்விட்டாள். நான் பி.யூ. என்கிற பன்னிரண்டாவது முடித்து, பி.காம். முடித்து, ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், நாற்காலி மட்டும் பெரிதாகியிருக்கிறது.

இதெல்லாம் இப்போது ஏன் பொங்கி வந்தது என்றால், ஆபீஸில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேஜையில் நடந்த பேச்சுதான். எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக வீடு மாறியவர்கள், நானும் அப்படித்தான். பையன் படிக்கும் பள்ளிக்கூடத்துப் பஸ் வரும் தெருவாகப் பார்த்து, கட்டுப்படியாகாத வாடகையில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறோம். அன்றைக்கு ஒருவர், நல்ல ஏரியா, நல்ல ஸ்கூல் என்று அலைவதெல்லாம் வீண் என்றார். "படிக்கறவங்க எல்லாம் கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சு மேல வந்துடறாங்க மேடம், எல்லாம் அவங்கவங்க தலையெழுத்து" என்று சொல்லி, தயிர் சாதத்தைப் பிசைந்தார். அவர் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். என்னைவிடக் கெட்டிக்காரியாக ஒருத்தி இருந்தாள், அவளுக்குப் போக வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்து இந்தச் சாதத்தைத் தின்றுகொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து போவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கோமதியைப் பார்க்கப் போனேன். சித்தி காலத்துக்கு அப்புறமும் அவள் ஜீவனஹள்ளியை விடவில்லை. இரண்டாவது மாடியில் இரண்டு அறை, அதற்குமேல் மொட்டை மாடி. அவள் மகள் தீபா அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். கோமதி இப்போது கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசர், நாற்பது மெஷின் அவள் கண் பார்வையில் ஓடுகிறது. எத்தனை சட்டைக்கு எத்தனை பொத்தான் என்று இன்னும் வாய் திறப்பதற்குள் சொல்லிவிடுகிறாள். நான் போனபோது தீபாவின் யூனிஃபார்ம் விளிம்பைப் பிரித்துக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். "வாடி, ஆபீசரம்மா, வழி தெரிஞ்சுதா?" என்றாள். அந்தக் கேலி எனக்கு வேண்டியதுதான். நான் அவள் வீட்டுப் படியேறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான் இரண்டு விஷயத்தோடு போயிருந்தேன். ஒன்று, பழையதைச் சொல்லிவிடுவது. இரண்டாவது, தீபாவை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் இருக்கும் பெரிய பி.யூ. காலேஜில் சேர்ப்பது, விலாசமும் நம்முடையது, செலவும் நம்முடையது. இதைக் கொடுத்து அதை நேர் செய்துவிடலாம் என்று ஆட்டோவில் வரும்போதே மனசுக்குள் எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். டீ வந்ததும் சொல்லத் தொடங்கினேன். கவுனைச் சொன்னேன், பஃப் கையைச் சொன்னேன், அம்மா "சும்மா நில்லு" என்றதைச் சொன்னேன். வேண்டுமென்றுதான் காட்டிக் கொடுத்தேன், தெரிந்துதான் செய்தேன் என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். சொல்லி முடித்தபோது, இத்தனை வருஷப் பாரம் இறங்கிவிட்டது என்று உண்மையில் எனக்கு ஒரு சுகம்கூட வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கோமதி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அட போடி. அதுக்கா சும்னே அழற?" என்றாள். காரணமே இல்லாமல் ஒன்று நடந்தால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் வாய்நிறையச் சொல்லும் கன்னட வார்த்தை அது. "பஃப் கை எனக்கு வந்ததுலருந்து நீ மூஞ்சத் தூக்கி வச்சிருந்தது எனக்குத் தெரியாதா? ஆறு வயசு. ஆறு வயசுப் புள்ளைய இரட்டைன்னு நிக்க வச்சாங்க பாரு, அவங்களச் சொல்லணும்." நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தீபாவின் காலேஜ் பேச்சை எடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே இன்னொரு நூலைக் கோத்தாள். நான் நிறுத்தின பிறகு, சத்தத்தை உயர்த்தாமல், தைத்துக்கொண்டே பேசினாள்.

"உஷா, அந்த ஸ்கூலு எனக்குக் கெடைக்கல, சரி. அதுக்கு நான் ஒருநாளும் அழுததில்ல. பத்தாவதுல கணக்கு நோட்டு எடுத்துட்டு உங்க வீட்டுக்கு வந்தேனே, அது ஞாபகம் இருக்கா உனக்கு?"

ஞாபகம் இருந்தது. மேலே அவளுடைய பத்தாவது வகுப்பைப் பற்றி எழுதிய இடத்தில் ஒரே வரியில் நான் தாண்டி வந்தேன், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நானும் அதைக் கவனிக்காமல்தான் இத்தனை வருஷம் காலம் தள்ளியிருக்கிறேன். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது கோமதி நோட்டுப் புத்தகத்தை நியூஸ்பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கணக்கு மட்டும் சொல்லிக் கொடு, பாஸ் மார்க் வந்தால் போதும் என்றாள். முதல் நாள் எனக்கு மறுநாள் டெஸ்ட் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். டெஸ்ட் எதுவும் இல்லை. இரண்டாவது நாள் தலைவலி என்று அம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது நாள் என் பள்ளிக்கூடத்துத் தோழிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். டாக்டரம்மா பெரிய மனசோடு முன்பக்கத் தோட்டத்தில் உட்கார்ந்து பேச இடம் கொடுத்திருந்தார். அவர்களுக்கு நான் அவுட்ஹவுஸில் இருப்பதே சரியாகத் தெரியாது. கேட்டில் கோமதி நின்றாள், தலையில் எண்ணெய், காலில் ரப்பர் செருப்பு, விரலில் ஊதுவத்திக் கரி. நான் கேட்டுவரைக்கும் போய், கேட்டைத் திறக்காமலே, "அம்மா இல்ல, அப்புறமா வா" என்றேன். வேலை கேட்டு வந்தவளிடம் சொல்கிற மாதிரி, தோழிகள் காதில் விழும்படி.

அவள் அதைச் சொல்லச் சொல்ல நான் கையில் இருந்த டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அன்னைக்குத்தான் எனக்கு ரொம்ப பேஜாராப் போச்சு" என்றாள் கோமதி. மனசு விட்டுப்போவதற்கு எங்கள் ஊரில் அதுதான் வார்த்தை. "உங்க டீச்சருங்க எனக்குக் கெடைக்கல. ஆனா அவங்க சொல்லிக் குடுத்தது அத்தனையும் உங்கிட்ட இருந்துச்சேடி. உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்த நீதான் பெருசாக்கின."

நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்குப் பதினைந்து வயது, சின்னப் பெண்தான், என்னை மன்னித்துவிடு, எதையாவது. ஆறு வயதுப் பாவத்தை நாற்பது தாண்டின வயதில் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்து அழுத எனக்கு, இதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. குழந்தையாக இருந்தபோது செய்ததைச் சொல்லி அழுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏரியாவா, பள்ளிக்கூடமா, தலையெழுத்தா என்று ஆபீஸ் மேஜையில் அடித்துக்கொள்ளும் பேச்சில் இதற்கு இடமே கிடையாது. அந்தப் பள்ளிக்கூடம் எனக்கு நிறையக் கொடுத்தது, சத்தியமாகக் கொடுத்தது. அது கோமதிக்கும் கிடைத்திருந்தால் அவள் எங்கேயோ போயிருப்பாள், அதிலும் சந்தேகம் இல்லை. ஆனால் அது கொடுத்ததை நான் என் கேட்டுக்கு உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

கடைசியில் எனக்கு வாயில் வந்தது, தீபாவுக்கு நான் கணக்கு சொல்லித் தருகிறேன், வாரா வாரம் வருகிறேன் என்பதுதான். கோமதி முகம் கொஞ்சம் இளகியது. வேண்டாம் என்றாள், கோபமாகச் சொல்லவில்லை. தீபாவின் பள்ளிக்கூடத்தில் இப்போது இருக்கும் கணக்கு சார் நன்றாக நடத்துகிறாராம், ராத்திரி சந்தேகம் கேட்டாலும் போனில் போட்டுக் காட்டுகிறாராம். காலேஜ் விஷயத்தைத் தீபாவிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னாள், அவள் போகிறேன் என்றால் தனக்கு ஆட்சேபம் இல்லையாம். கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் பெரியம்மா என்றாள் தீபா. இதுவரை சொல்லவில்லை.

திரும்பும்போது பழைய இடங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கோமதி படித்த கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் பிள்ளைகள் குறைந்து குறைந்து ஒருநாள் மூடிவிட்டார்கள். அந்த ஹாலில் இப்போது உடைந்த தெருவிளக்குகளும் குப்பை வண்டிச் சக்கரங்களும் கிடக்கின்றன. ஜீவனஹள்ளியில் எந்த வாசலிலும் ஊதுவத்திப் பலகை காயவில்லை. டாக்டரம்மா வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடம், அவுட்ஹவுஸும் சப்போட்டா மரமும் இருந்த பின்பக்கம் கார் நிறுத்துகிறார்கள். அம்மா இல்லை, சித்தி இல்லை, என்னைச் சத்தியம்மா என்று கூப்பிட்டவரும் இல்லை. அவர் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

கோமதி வீட்டுப் படியில் இறங்கும்போது நடந்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை. குறுகலான படி அது. கீழேயிருந்து பக்கத்து வீடுகளின் பிள்ளைகள் நான்கைந்து பேர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஏறி வந்தார்கள், நான் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் தீபா அவர்களுக்குக் கணக்கு சொல்லித் தருகிறாளாம். மேலே கதவு திறந்தே இருந்தது. கோமதி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "தீபா, பசங்க வந்துட்டாங்க பாரு, காக்க வைக்காத."